வேப்பமரத்துச் சந்து

ஸ்கார்பரோ, டொராண்டோ
25-11-2025

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

நலம். அங்கே எல்லாரும் நலம்தானே? காட்பாடி அண்ணியிடம் கொடுத்தனுப்பிய கடிதமும் பருப்புப் பொடியும் பத்திரமாக வந்து சேர்ந்தன. டப்பாவைச் சுற்றியிருந்த பேப்பரைக்கூட விடாமல் படித்தேன், வேலூர் மார்க்கெட் நிலவரம் வரைக்கும். அப்பா எழுதியதில் பாதி மாடி கட்டுகிற விஷயம், மீதி தெருவில் தோண்டிப் போட்ட பள்ளம். இரண்டுக்கும் வருகிறேன். முதலில் அம்மா கேட்டது.

சாப்பாட்டுக்குக் குறையே இல்லை. இந்தப் பக்கம் தடுக்கி விழுந்தால் யாழ்ப்பாணத்துக்காரர் கடைதான். இடியாப்பம், புட்டு, முருங்கைக்காய், கறிவேப்பிலை எல்லாம் உண்டு. ஆனால் குழம்பில் தேங்காய்ப்பால் ஊற்றிவிடுகிறார்கள், நம் வீட்டுப் புளிப்பு அதில் வராது. கத்தரிக்காய் பளபளவென்று முள்ளே இல்லாமல் இருக்கிறது. இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்குப் புவிசார் குறியீடு கொடுத்தது 2023-ல். குறியீடு கிடைத்து என்ன, காய் இங்கே வரவில்லையே. ஞாயிற்றுக்கிழமை ஒரு குழம்பு வைத்தால் புதன் வரை ஓடும். அதற்காக நான் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று சின்னக்காவிடம் சொல்ல வேண்டாம்.

குளிர் வந்துவிட்டது. இந்த மாதத் தொடக்கத்திலேயே ஒரு பனி கொட்டிவிட்டுப் போனது. வாடகை வீடு என்றால் வீட்டுக்காரர் 21 டிகிரி சூடு கொடுத்தே ஆக வேண்டும் என்று இங்கே நகரச் சட்டமே இருக்கிறது. எனக்கு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு தூங்குவது பழகிவிட்டது, அதனால் நான் அளந்து பார்க்கவில்லை. கீழ்த்தள அறையை எடுத்ததே கதகதப்பாக இருக்கும் என்றுதான். ஜன்னல் இருக்கிறது. கொஞ்சம் சின்னது, வெளியே புல்லின் அடிப்பக்கம் தெரியும். வெளிச்சம் போதும்.

பக்கத்து வீட்டு இத்தாலிக்காரப் பெரியவரைப் பற்றிப் போனில் சொன்னேன் இல்லையா, தக்காளி வளர்ப்பவர்? அவர் வீட்டு முற்றத்தில் ஓர் அத்திமரம் இருக்கிறது. இந்த ஊர்க் குளிரில் அத்தி பிழைக்காது. அதனால் மனிதர் வருஷா வருஷம் அதை உயிரோடு புதைக்கிறார்! ஒரு பக்க வேரை மண்வெட்டியால் வெட்டிவிட்டு, கிளைகளைக் கயிற்றால் கட்டி, மரத்தை அப்படியே சாய்த்துப் பள்ளத்தில் படுக்க வைக்கிறார். மேலே பலகை, காய்ந்த இலை, கிழிந்த கம்பளம், அதன் மேல் மண். பனி போனதும் தோண்டி நிமிர்த்துவாராம். இந்தத் தடவை மரத்தை அழுத்திப் பிடித்தது நான்தான். வேலை முடிந்ததும் ஒரு கிண்ணம் பாஸ்தாவைக் கையில் வைத்துவிட்டு, "இனி நீ என் ஆள்" என்றார்.

அவருடைய ஆள் ஆனால் என்ன கதி என்று அப்புறம்தான் தெரிந்தது. நகர மன்றக் கூட்டத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

விஷயம் இதுதான். அவருடைய மறு பக்கத்து வீட்டை வாங்கியவர் பழைய வீட்டை இடித்துவிட்டுப் பல குடும்பங்கள் இருக்கிற மாதிரி கட்டப் போகிறார். டொராண்டோவில் ஒரு மனையில் நாலு வீடு வரை எங்கே வேண்டுமானாலும் கட்டலாம் என்று 2023 மே மாதமே மன்றத்தில் முடிவெடுத்துவிட்டார்கள். இந்த ஜூனில் அதை ஆறாக்கப் பார்த்தார்கள். புறநகர்ப் பக்கத்துக் கவுன்சிலர்கள் பலர் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் நகரத்தின் மையப் பகுதிக்கும் எங்கள் ஸ்கார்பரோ வடக்கு வார்டுக்கும் மட்டும் ஆறு என்று ஆனது. மற்ற வார்டுகள் விரும்பினால் சேரலாம். கார் நிறுத்த இடம் எங்கே, சாக்கடை தாங்குமா, குப்பைத் தொட்டி எத்தனை என்று எங்கள் தெருவில் இன்னும் அதே பேச்சு. எனக்கென்னவோ ஆறு வீடு வந்தால் நல்லது என்றுதான் படுகிறது. வாடகை கொடுப்பவனுக்குத்தான் அது தெரியும்.

பெரியவருக்கும் ஆறு வீட்டில் ஆட்சேபம் இல்லை. வேலி ஓரத்து மேப்பிள் மரத்தை வெட்டக் கூடாது, அவ்வளவுதான் அவர் கட்சி. இங்கே சொந்த இடத்து மரத்தையும் நினைத்தபடி வெட்ட முடியாது. தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரத்தில் அளந்து, குறுக்களவு 30 சென்டிமீட்டரோ மேலேயோ இருந்தால் நகர நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். இவர் தையல்காரர் டேப்பை வேலிக்கு மேலே நீட்டி, மறுமுனையை என்னைப் பிடிக்கச் சொல்லி, சுற்றளவு எடுத்து, 3.14-ஆல் வகுத்து, எண்ணை உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். அதற்கு முன்பே அதிகாரிகள் வெட்ட அனுமதி இல்லை என்று சொல்லியிருந்தார்கள். அந்த வீட்டை வாங்கியவர் விடாமல் மேல்முறையீடு செய்ததால் அது ஸ்கார்பரோ கவுன்சிலர்கள் உட்காரும் கூட்டத்துக்கு வந்தது.

அந்த வாரம் எனக்கு ஷிப்ட் குறைவு. சீசன் முடிந்தால் இப்படித்தான், கவலைப்பட ஒன்றுமில்லை. சும்மாதானே இருக்கிறோம் என்று போனேன். 1973-ல் திறந்த கட்டடம், மேலே கூரை வரைக்கும் வெற்றிடமாக விட்டுச் சுற்றிலும் மாடிகள் கட்டியிருக்கிறார்கள். நம் தாலுகா ஆபீஸை நினைத்துக்கொண்டு போனவனுக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. யார் வேண்டுமானாலும் பெயர் கொடுத்துவிட்டுப் பேசலாம், அஞ்சு நிமிஷம் கொடுப்பார்கள். முன்னால் கடிகாரம் ஓடுகிறது. ஒரு அம்மா தன் வேலி விதியைவிட உயரமாக இருப்பதற்கு விலக்கு கேட்டார். இன்னொருவர் தெருமுனையில் ஸ்டாப் போர்டு கேட்டார். வேகத்தடை ஒன்றுக்காக ஒரு பெண் கையெழுத்து வாங்கிய தாள்களைக் கத்தையாகக் கொண்டு வந்திருந்தார். வேகத்தடை என்றால் லாரியில் தார் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போகிற வேலை என்று நினைத்திருந்தேன். இங்கே முதலில் ரோட்டுக்குக் குறுக்கே கறுப்பு ரப்பர் குழாய் போட்டு, அதன் மேல் ஏறுகிற வண்டிகளையும் வேகத்தையும் எண்ணுகிறார்கள். எண்ணி முடித்து அறிக்கை வந்து அதற்கு மேல் விவாதம். அந்தப் பெண் கேட்டதை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைத்தார்கள். அந்த ராகம் எந்த ஊரிலும் ஒன்றுதான் போல, அப்பா.

பெரியவர் முறை வந்தது. எழுதி வைத்திருந்த தாளைப் பார்க்கவே இல்லை. அந்த மரத்து நிழலில்தான் அவர் மனைவி கடைசி வருஷம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாராம். அதைச் சொல்லிவிட்டு உள்ளங்கையைத் திருப்பிக் கவுன்சிலர்களுக்கு எண்ணைக் காட்டினார். எனக்கு அப்போது நம் சந்தில் வேப்பமரத்தடியில் ஆயா கட்டில் போட்டுப் படுத்திருந்ததும், பங்குனியில் அவர் மேலெல்லாம் பூ உதிர்ந்து கிடந்ததும் ஞாபகம் வந்துவிட்டது. எழுந்து வெளியே போய்விட்டேன். கொஞ்ச நேரம் தண்ணீர்க் குழாய் பக்கத்தில் நின்றேன். ஊருக்கு வர வேண்டும் போல இருக்கிறது, அப்பா. சரி, அதை விடுங்கள்.

மரம் தப்பித்தது. வீட்டுக்காரர் பிளானை மாற்றி, சுவரை உள்ளே தள்ளிக் கட்டுவாராம்.

பூங்கா எப்படி என்று தம்பி கேட்டிருந்தான். மின்கோபுர வரிசைக்கு அடியில் 16 கிலோமீட்டருக்குப் புல்லும் காட்டுப் பூவுமாக வளரவிட்டு நடைபாதை போடுகிறார்கள், மெடோவே என்று பெயர். வெயில் காலத்தில் அருமையாக இருக்கும். குளிர்காலம் வந்தால் நிறையப் பூங்காக்களில் குழாயை அடைத்து, கழிவறையையும் பூட்டிவிடுவார்கள். கோட்டை ஓரத்துப் பெரியார் பூங்காவில் சுண்டலோடு உட்காருகிற மாதிரி உட்கார இங்கே ஆளும் இல்லை, சுண்டலும் இல்லை.

இப்போது மாடி விஷயம். தம்பி அவசரப்படுவது புரிகிறது. தையில் பெண் பார்த்து முடித்துவிட்டால் வீட்டில் இடம் வேண்டும்தான். ஆனால் சந்துப் பக்கம் சுவரை ஒட்டிப் படி வைத்து, மேலே ரூமை நீட்டி, வேப்பமரத்தை எடுத்துவிடலாம் என்று மேஸ்திரி சொன்னதை மட்டும் கேட்க வேண்டாம். நம் மனை ஒரு கிரவுண்டு, 2400 சதுர அடி. 2024 ஜூலையிலிருந்து 2500 சதுர அடிக்குள் மனையும் 3500 சதுர அடிக்குள் கட்டடமும் இருந்தால், தரைத்தளமும் முதல் தளமும் கட்ட ஆன்லைனில் சுயசான்று முறையில் உடனே அனுமதி வாங்கலாம். அதனால் "பிளானுக்கு அலைய வேண்டும், அனுமதி இல்லாமலே கட்டிக்கலாம்" என்று மேஸ்திரி சொல்கிற காரணமே செல்லாது. ஆனால் பெயரிலேயே இருக்கிறது பாருங்கள், சான்று சொல்வது நாம்தான். பக்கத்தில் இவ்வளவு இடம் விட்டிருக்கிறேன் என்று அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டு, தம்பி அந்த இடத்தில் சுவர் எழுப்பினால் நாளைக்குப் பதில் சொல்ல வேண்டியது அப்பா. பக்கத்து வீட்டுக்காரர் சும்மா இருக்க மாட்டார், ஏற்கெனவே காம்பவுண்டு சுவருக்கு ஓரடிச் சண்டை. படியை முன்பக்கம் திண்ணையை எடுத்துவிட்டு வைக்கலாம். திண்ணை போனால் அம்மா திட்டுவார், அதை நான் போனில் பேசிக்கொள்கிறேன். மழைநீர்த் தொட்டி 2003-ல் எல்லா வீட்டுக்கும் கட்டாயமாக்கியபோது வெட்டியது, அதை மண் மூடி வைத்திருக்கிறோம். மாடித் தண்ணீரை அதில் விட ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள்.

தெருப் பள்ளத்துக்கு நேரில் போய்ச் சத்தம் போட்டுவிட்டு வந்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். சுகரை வைத்துக்கொண்டு சத்தம் போட வேண்டாம். மனுவாக எழுதி, பள்ளத்தைப் போட்டோ எடுத்து ஒட்டி, ரசீது வாங்குங்கள். நவம்பர் 1 உள்ளாட்சி தினத்துக்கு ஏரியா சபைக் கூட்டம் என்று 2022-ல் ஆரம்பித்தார்களே, நம் வார்டில் நடந்தால் தெருக்காரர்களோடு போய் உட்காருங்கள். அதே 2022-ல் நம்மூரில் நிறுத்தி வைத்திருந்த பைக்கோடு சேர்த்து சிமெண்ட் ரோடு போட்டார்களே, அந்தப் படத்தை இங்கே என்னோடு வேலை செய்கிற ஒருத்தன் போனில் வைத்திருக்கிறான். "உங்க ஊரா?" என்றான். ஆமாம் என்று சொல்லிவிட்டு நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய?

அடுத்த வாரம் கார்த்திகை தீபம். தம்பி திருவண்ணாமலை போனால் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போக வேண்டாம், முட்டி வலியோடு அந்தக் கூட்டம் ஆகாது. சின்னக்கா வளைகாப்புக்கு என் பங்காகத் தட்டும் புடவையும் கொசப்பேட்டை அத்தையே எடுக்கட்டும், அவருக்குத்தான் கடைக்காரர் விலை குறைப்பார். இந்த மாதம் அனுப்பியதில் கொஞ்சம் குறைந்திருக்கும், பேங்கில் ஏதோ பிடித்தம். மேஸ்திரிக்கு முன்பணம் இப்போது கொடுக்க வேண்டாம். தை பிறந்ததும் சேர்த்து அனுப்புகிறேன். வீட்டுப் பத்திரத்தின் நகல் ஓட்டேரி மாமாவிடம் இருக்கிறது, தம்பியை அனுப்பி வாங்கி வையுங்கள். பட்டா அப்பா பெயருக்கு மாறிவிட்டதா என்று அடுத்த கடிதத்தில் கட்டாயம் எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்