மலைச்சைக்கிள் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, சங்க உறுப்பினர்களே,

கடந்த ஏப்ரல் தொடங்கி இந்த மார்ச் முடிய நம் சங்கம் மேற்கொண்ட பணிகளை இப்பொதுக்கூட்டத்தின் முன் வைக்கிறேன். இந்தப் பன்னிரண்டு மாதங்களில் பதினான்கு பயணங்களைத் திட்டமிட்டோம். மூன்றை மழையால் கைவிட்டோம். சிராய்ப்புகள் தவிர யாருக்கும் காயமில்லை.

சென்ற ஆண்டுப் பொதுக்கூட்டத்தில், நம் பாதைகள் மிகவும் எளியவையாக இருப்பதாகவும், வேல்ஸின் செங்குத்துச் சரிவுகளுக்கு ஒரு முறையாவது போக வேண்டும் என்றும் சில இளைஞர்கள் கேட்டிருந்தார்கள். செயற்குழு இதைப் பல முறை விவாதித்த பின்பும் ஏற்கவில்லை. புதிதாகச் சேர்ந்தவர்களில் பெரும்பாலானோர் பள்ளிப் பருவத்துக்குப் பிறகு சைக்கிளைத் தொடாதவர்கள். அவர்களைப் பாறைச் சரிவில் இறக்கிவிட்டால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒருவரும் வரமாட்டார்கள். எனவே இவ்வாண்டும் தென் இங்கிலாந்தில் நடந்தும் குதிரையிலும் சைக்கிளிலும் போகக்கூடிய ‘குதிரைப் பாதை’களையும், தண்டவாளம் அகற்றப்பட்ட பழைய ரயில் பாதைகளையுமே நம்பினோம்.

அவற்றுள் அதிகம் பயன்பட்டது டவுன்ஸ் லிங்க் பாதை. கில்ட்ஃபோர்டு அருகிலுள்ள செயின்ட் மார்த்தா குன்றிலிருந்து ஷோரம் கடற்கரை வரை 37 மைல் நீளமுள்ள இப்பாதையின் பெரும்பகுதி, 1965, 1966ஆம் ஆண்டுகளில் மூடப்பட்ட இரண்டு கிளை ரயில் பாதைகளின் மேல் செல்கிறது. நீராவி எஞ்சினால் பெரிய ஏற்றம் ஏற முடியாது என்பதால் அன்றைய பொறியாளர்கள் மேட்டை வெட்டியும் பள்ளத்தை நிரப்பியும் வழியைச் சமப்படுத்தியிருக்கிறார்கள். நம் புதிய உறுப்பினர்கள் மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே மிதிப்பதற்கு அவர்கள் பட்ட பாடுதான் காரணம். ரட்ஜ்விக் அருகே அருண் ஆற்றின் மேலுள்ள இரட்டைப் பாலத்தில் எல்லோரையும் இறக்கிக் காட்டினோம். முதலில் கட்டிய செங்கல் வளைவுப் பாலத்தோடு சேர்ந்த ஏற்றம் பக்கத்து நிலையத்துக்கு ஆபத்து என்று ரயில்வே ஆய்வாளர் அனுமதி மறுத்துவிட, கரையை உயர்த்தி அதற்கு மேலேயே ஓர் இரும்புப் பாலத்தைப் போட்டார்கள். கீழே இறங்கி நின்று பார்த்தால்தான் ஒன்றின் தலைமேல் ஒன்று நிற்பது தெரியும். மேலே சைக்கிளில் போகிறவருக்கு அது தெரியாது.

சுண்ணாம்புக் குன்றுகளின் மேல் செல்லும் சவுத் டவுன்ஸ் வே பாதையில் இரண்டு பயணங்கள் நடந்தன. வின்செஸ்டரிலிருந்து ஈஸ்ட்போர்ன் வரை 100 மைல் நீளும் அதை நாம் துண்டு துண்டாகவே ஓட்டுகிறோம். சுண்ணாம்புப் பாறை மழைநீரைச் சீக்கிரம் உறிஞ்சிவிடும், ஆகவே குளிர்காலத்துக்கு ஏற்றது என்று நான் சுற்றறிக்கையில் எழுதியிருந்தேன். அது பாதி உண்மைதான். உள்ளே உறிஞ்சினாலும் மேல்பரப்பு சவர்க்காரம் தடவியதுபோல் வழுக்குகிறது. ஜனவரியில் ஓர் இறக்கத்தில் நால்வர் அடுத்தடுத்து உட்கார்ந்துவிட்டார்கள், முதலாமவர் செயலாளர். ஆனாலும் அடிவாரத்துக் களிமண்ணோடு ஒப்பிட்டால் இது மேல். களிமண் டயரில் அப்பி, முன் கவைக்கும் சக்கரத்துக்கும் நடுவே இறுகி, கடைசியில் சைக்கிளைத் தோளில் சுமக்க வைக்கிறது. அதோடு ஈரக் களியில் நாம் போடும் தடம் கோடை வரை அழியாது என்பதால், நவம்பர் முதல் பிப்ரவரி வரை அந்தத் தாழ்நிலப் பாதைகளுக்குப் போவதில்லை என்று செயற்குழு தீர்மானித்தது. ஓர் உபயோகமான தகவல்: அடூர் ஆற்றங்கரைக்கு அருகே போட்டல்ப்ஸில் குடிநீர்க் குழாய் இருக்கிறது; அங்கே புட்டியை நிரப்பிக்கொள்ளலாம்.

இனி, இவ்வாண்டு செயற்குழுவின் நேரத்தை அதிகம் எடுத்துக்கொண்ட விடயம். குதிரைப் பாதையில் சைக்கிள் ஓட்டும் உரிமை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1968ஆம் ஆண்டின் நாட்டுப்புறச் சட்டத்தால்தான் நமக்குக் கிடைத்தது. நடப்பவருக்கும் குதிரையில் வருபவருக்கும் நாம் வழிவிட வேண்டும் என்ற நிபந்தனை அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. நம் வசதிக்காகப் பாதையைச் செப்பனிடும் கடமை உள்ளாட்சிக்கு இல்லை என்பதும் அதிலேயே இருக்கிறது. அதாவது அந்தப் பாதையில் நாம் பின்னால் வந்து சேர்ந்தவர்கள். இதை எல்லோரும் படித்துத்தான் இருந்தோம். ஆனால் படித்தது போதவில்லை என்பதைச் செப்டம்பரில் ஒரு காலை உணர்த்தியது.

இருபுறமும் வேலி உயர்ந்த ஒடுங்கிய பாதையில், நமக்கு முன்னால் ஒரு பெண்மணி குதிரையில் மெல்லப் போய்க்கொண்டிருந்தார். முன்னால் சென்ற நம் உறுப்பினர், மரியாதை என்று நினைத்தே, பின்னாலிருந்து மணியடித்தார். குதிரை இரண்டு காதுகளையும் பின்னால் மடித்து, ஒரே தாவலில் பக்கவாட்டில் வேலியோடு ஒட்டிக்கொண்டது. அவர் கடிவாளத்தை விடாமல் பிடித்துச் சமாளித்தார், விழவில்லை. கோபப்படுவார் என்று நாங்கள் தலைகுனிந்து நின்றோம். அவர் குதிரையின் கழுத்தைத் தட்டியபடி சொன்னது இதுதான்: மணி வேண்டாம், பேசுங்கள், மனிதக் குரல் கேட்டால், பின்னால் வருவது என்னவென்று குதிரைக்குப் புரியும். வேலிக்குப் பின்னால் ஒதுங்கி நிற்கவும் கூடாதாம். மறைந்து நிற்பது எதுவும் குதிரைக்குப் பதுங்கியிருக்கும் விலங்குதான்.

அன்றிலிருந்து, முதலில் செல்பவர் தொலைவிலேயே குரல் கொடுத்து நடை வேகத்துக்கு வர வேண்டும், குதிரையில் இருப்பவர் சைகை காட்டிய பின்பே, அதுவும் இடப்பக்கமாக அல்லாமல், கடக்க வேண்டும் என்பது சங்க விதி. இடப்பக்கமாகக் கடக்கக் கூடாது என்று ‘ஹைவே கோட்’ என்னும் சாலை விதித் தொகுப்பும் சொல்கிறது. நம் கூட்டம் வழிநெடுகச் சத்தமாகக் கதைத்துக்கொண்டே போகிறது என்று பலர் குறைப்பட்டதுண்டு. அந்தக் குறை இந்த ஒரு விடயத்தில் நமக்கு உதவியாகிவிட்டது.

இரண்டாவது தவறு முழுக்க என்னுடையது. நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும் பயன்படுத்தும் எக்ஸ்ப்ளோரர் வரைபடத்தில் நடைபாதைக்கும் குதிரைப் பாதைக்கும் பச்சைக் கோடுகள்தான். முன்னதற்குக் குட்டையான கோடுகள், பின்னதற்கு நீண்டவை. மே மாதத்து ஒரு மாலையில் கண்ணாடியில்லாமல் அதைப் பார்த்துவிட்டுக் கூட்டத்தை ஒரு நடைபாதைக்குள் நடத்திச் சென்றேன். ஏறித் தாண்டும் மரப்படி ஒன்று குறுக்கே நின்றபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். குதிரை போகிற பாதையில் திறந்து மூடும் படலைதான் இருக்கும். நாங்களோ பத்துச் சைக்கிள்களையும் தூக்கி மறுபுறம் போட்டோம். எதிரே வந்த முதியவர் ஒருவர் மஞ்சள் அம்புக்குறியைக் காட்டி மிகப் பணிவாக விசாரித்த பின்பு, பத்தையும் மறுபடி தூக்கி இப்புறம் போட்டு, தள்ளிக்கொண்டே திரும்பினோம். மஞ்சள் அம்பு நடப்பவருக்கு மட்டும். நீலம் குதிரைப் பாதை. கருஞ்சிவப்பு மோட்டார் வாகனங்களுக்கு இடமில்லாத பொதுவழி, சிவப்பு எல்லா வாகனங்களுக்கும் திறந்த பொதுவழி. அவற்றிலும் நாம் போகலாம்.

அக்டோபரில், வயலின் குறுக்கே செல்லும் ஒரு குதிரைப் பாதை உழவில் காணாமற்போயிருந்தது. விவசாயிக்கு உழும் உரிமை உண்டு. ஆனால் முதல் உழவிலிருந்து 14 நாட்களுக்குள், குறைந்தது 2 மீட்டர் அகலத்துக்கு, பாதையை மீண்டும் அமைத்துத் தர வேண்டும். நாம் வரைபட ஆயத்தொலைவோடும் படங்களோடும் உரிய அலுவலகத்துக்கு எழுதினோம். பாதை நவம்பரில் திரும்பக் கிடைத்தது, நம் கடிதத்தாலா டிராக்டர்காரரின் மனசாட்சியாலா என்பது தெரியவில்லை. முறையிடும்போது படம் எடுத்து அனுப்புங்கள்; வயலுக்குள் இறங்கி யாரோடும் வாதாட வேண்டாம்.

பராமரிப்பில் ஒன்றை மட்டும் குறிப்பிடுகிறேன். இலையுதிர்காலத்தில் உயிர்வேலிகளை இயந்திரத்தால் வெட்டியபின் பாதையெங்கும் அவற்றிலுள்ள பிளாக்தார்ன் புதரின் முட்கள் சிதறிக் கிடக்கும். அந்த முள் டயரைத் துளைத்து உள்ளே முறிந்துவிடுவதால், வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. டியூபை மாற்றிய ஐந்தாம் நிமிடத்தில் மறுபடி காற்று இறங்கும். ஒரே பயணத்தில் ஒருவருக்கு மூன்று பஞ்சர் ஆனது இப்படித்தான். டயரின் உட்புறத்தைத் துணியால் சுற்றித் துடைத்துப் பாருங்கள். துணி எங்கே சிக்குகிறதோ அங்கே முள் இருக்கிறது. டியூப் இல்லாத டயருக்கு மாறியவர்கள் உள்ளேயுள்ள, துளையை அடைக்கும் திரவம் சில மாதங்களில் காய்ந்துவிடும் என்பதை மறக்கக் கூடாது.

மின் சைக்கிள் பற்றிக் கேட்டவர்களுக்கு: 250 வாட்டுக்கு மிகாத மோட்டாரும், மணிக்கு 15.5 மைலில் உதவி நின்றுவிடும் அமைப்பும் உடையது சட்டத்தின் பார்வையில் சாதாரண சைக்கிளே. அந்தக் கட்டுப்பாட்டை நீக்கிய வண்டி மோட்டார் வாகனமாகிவிடும். அதற்குக் குதிரைப் பாதையில் இடமில்லை, நம் பயணங்களிலும் இல்லை. முழங்கால் வலியுள்ள இருவர் முறையான மின் சைக்கிளோடு இவ்வாண்டு திரும்பி வந்தது மகிழ்ச்சி.

கோடைப் பயணங்கள் முடிந்ததும் உண்ணி கடித்திருக்கிறதா என்று கால்களைச் சோதித்துக்கொள்ளுமாறு மீண்டும் வேண்டுகிறேன். வட்டமான சிவப்புத் தடிப்பு பரவினால் மருத்துவரைப் பார்ப்பதில் தாமதம் வேண்டாம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். வரும் ஆண்டுக்குச் செயற்குழு முன்மொழிவது இரண்டு: டவுன்ஸ் லிங்க் முழுவதையும் இரண்டு நாட்களில் ஓட்டும் ஒரு ஜூன் பயணம், வரைபடம் வாசிக்க ஒரு மாலை வகுப்பு. இரண்டாவதை நடத்தும் பொறுப்பு எனக்கு வேண்டாம் என்று ஏற்கெனவே தெரிவித்துவிட்டேன்.

சங்கத்தின் பொதுக் கருவிப் பையிலிருந்த செயின் கழற்றியும் நீலக் காற்றுப் பம்பும் பிப்ரவரிப் பயணத்துக்குப் பிறகு திரும்பவில்லை. எடுத்தவர் இன்று வெளியே போகும்போது மேசைமேல் வைத்துவிட்டுப் போகலாம்; பெயர் கேட்க மாட்டோம்.

தங்கள் உண்மையுள்ள,
செயலாளர்