நிக்கோடிமஸ் ஊர்க்காரர்களுக்கும் உடன் நின்றவர்களுக்கும் நன்றி

எல்லோருக்கும் வணக்கம். அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலத்தில் கறுப்பினக் குடும்பங்கள் உருவாக்கிய நிக்கோடிமஸ் என்ற ஊரைப் பற்றித் தமிழில் நான் எழுதிக்கொண்டிருந்த சிறு புத்தகம் முடிந்து அச்சுக்குப் போய்விட்டது. உதவியவர்களுக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இரண்டு வரி போட்டால் எனக்குப் போதாது, அதனால்தான் இந்த மடல்.

முதல் நன்றி அந்த ஊரில் பிறந்து வளர்ந்த பெரியம்மாவுக்கு. 1939ல் கட்டிய சுண்ணாம்புக்கல் ஊர்க்கூடம்தான் இப்போது பார்வையாளர் மையம். அங்கே என்னை உட்கார வைத்து, "எங்கள் ஊரைச் செத்துப்போன ஊர் என்று மட்டும் எழுதிவிடாதே" என்றுதான் அவர் பேச்சையே ஆரம்பித்தார். புத்தகம் முழுக்க அந்த ஒரு வாக்கியத்தை மனதில் வைத்துத்தான் எழுதினேன்.

1877ல் கென்டக்கியிலிருந்து கிளம்பிய கறுப்பினக் குடும்பங்கள், அடிமைத்தனம் ஒழிந்து பன்னிரண்டே ஆண்டுகளில், சொந்த நிலம் என்ற ஒன்றை நம்பி எல்லிஸ் என்ற ஊர் வரை ரயிலில் வந்து, அங்கிருந்து 30 மைலுக்கு மேல் நடந்தார்கள். வந்து பார்த்தால் ஊரே இல்லை. மரம் இல்லாத புல்வெளி, வீடு கட்டப் பலகை கிடையாது, முன்னால் வந்தவர்கள் மண்ணைக் குடைந்து உள்ளே குடியிருந்தார்கள். அடுத்த ஆண்டு வந்த வில்லியானா ஹிக்மன், ஊர் எங்கே என்று கேட்டவர், தரையிலிருந்து புகை வருவதைக் கண்டு அழுதுவிட்டதாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அழுதவர் திரும்பிப் போகவில்லை, அங்கேயே குடும்பம் நடத்தினார். முதல் குளிர்காலத்தில் வேட்டை முடித்துத் திரும்பிய ஓசேஜ் பழங்குடியினர் இறைச்சி பகிர்ந்து கொடுத்தார்கள் என்பது ஊரில் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. அதைச் சொல்லும்போது பெரியம்மா குரலில் இருந்த நன்றியை என்னால் எழுத்தில் கொண்டுவர முடிந்ததா என்று நீங்கள்தான் படித்துவிட்டுச் சொல்ல வேண்டும்.

அப்புறம் அந்தக் கோதுமை விவசாயி. ஒரு நாள் முழுக்கத் தன் வேலையை விட்டுவிட்டு, தன் பிக்கப்பில் என்னை ஏற்றிக்கொண்டு, தெற்கு சாலமன் ஆற்றின் இரண்டு கரையையும் காட்டினார். நூறாவது தீர்க்கரேகைக்குக் கொஞ்சம் கிழக்கே இருக்கும் நிலம் இது. அந்தக் கோட்டை ஒட்டித்தான் மழை பொய்க்கும் பூமி தொடங்குகிறது என்று பாடத்தில் படித்திருக்கிறேன், ஆனால் ஒரே வயலில் எந்தப் பக்கம் ஈரம் நிற்கும், எந்தப் பக்கம் நிற்காது என்று அவர் கைநீட்டிக் காட்டியபோதுதான் விளங்கியது.

ரயில் கதையும் அவரால்தான் புரிந்தது. 1887ல் ரயில் பாதையைத் தங்கள் ஊர் வழியாகக் கொண்டுவர மிசூரி பசிபிக் கம்பெனிக்கு 16,000 டாலர் கடன் பத்திரம் தர ஊர்மக்கள் வாக்களித்தார்கள். அந்தப் பாதை வரவில்லை. அடுத்த ஆண்டு யூனியன் பசிபிக் என்ற இன்னொரு ரயில் கம்பெனி பாதை போட்டது, ஆற்றுக்குத் தெற்கே. கடைக்காரர்கள் கட்டடத்தையே பெயர்த்துக்கொண்டு அக்கரைக்குப் போனார்கள், அதுதான் இன்றைய போக் என்ற ஊர். கரையில் நின்று பார்த்தால் அது அப்படியொன்றும் பெரிய ஆறில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அதற்குப் பிறகு 1930களின் வறட்சி, 1953ல் தபால் நிலையம் மூடல், 1960ல் பள்ளி மூடல். பலரும் கதையை இங்கே முடித்துவிடுகிறார்கள். பெரியம்மா சண்டை போட்டதே இதற்காகத்தான். மாநிலத் தணிக்கையாளர் பதவிக்கு 1882ல் தேர்ந்தெடுக்கப்பட்ட எட்வர்ட் மெக்கேப் குடியிருந்த ஊர் இது. தேசிய வரலாற்றுத் தலமாக 1996ல் இதை அறிவிக்க வைத்ததில் வெளியூர்களில் சிதறிக் கிடக்கும் வாரிசுகளின் உழைப்பு பெரியது. ஒவ்வொரு கோடையிலும் அவர்கள் பிள்ளைகுட்டிகளோடு திரும்பி வருகிறார்கள். அப்படி ஆள் வந்துகொண்டே இருக்கும் ஊரைச் செத்த ஊர் என்று எப்படிச் சொல்வது?

கேட்ட கேள்விக்கெல்லாம் சலிக்காமல் பதில் சொன்ன தேசியப் பூங்கா ஊழியர்களுக்கும், 1880களில் அந்த ஊரிலேயே அச்சான வெஸ்டர்ன் சைக்ளோன் பத்திரிகையின் பழைய பக்கங்களைத் தேடி எடுத்துத் தந்த நூலகருக்கும், வரைபடம் வரைந்த நண்பருக்கும், ஒற்றுப்பிழை பார்த்த தங்கைக்கும் மனமார்ந்த நன்றி.

முதல் பிரதியை ஜூலைக் கடைசியில், வாரிசுகள் ஊர் திரும்பும் ஹோம்கமிங் விழா கூடும்போது பெரியம்மாவிடம் கொடுக்கப் போகிறேன். தமிழிலேயே ஒரு பக்கம் வாசித்துக் காட்ட வேண்டும் என்று இப்போதே கட்டளை போட்டிருக்கிறார். கேன்சஸில் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் முடிந்தால் வாருங்கள். ஊர் 24ஆம் நெடுஞ்சாலையிலேயே இருக்கிறது, தங்குவதற்கு ஹேஸ் நகரில் அறை எடுத்துக்கொள்ளுங்கள், தண்ணீரும் தொப்பியும் மறக்காதீர்கள், அங்கே நிழல் குறைவு.