பேனை எழுதாத நாலு வினாடி

தங்கச்சி,

வெள்ளிக்கிழமை என் மேசையில் வைத்துவிட்டுப் போன ராஜினாமாக் கடிதத்தைக் கோப்பில் போட்டாச்சு. ஏன் போகிறீர் என்று கேட்கமாட்டேன். உம்மட பதவிக்கு நாங்கள் ஒதுக்கியிருந்த சம்பள இலக்கம் உமக்கு எப்படித் தெரியவந்தது என்றும் கேட்கமாட்டேன். எங்கட ஒபிஸ் ஆக்களும் இதை வாசிப்பினம் என்பதால் பதவியையோ பிரிவையோ எழுதவில்லை.

மூன்று வருடத்துக்கு முதல் இன்டர்வியூவில், சம்பளம் "எவ்வளவு எதிர்பார்க்கிறீர்?" என்று நான் கேட்டதுக்கு "நூறு" என்றீர், நூறாயிரம். தெளிவாகத்தான் சொன்னீர். நான் குனிந்து படிவத்தில் எழுதப்போனேன், பேனை எழுதவில்லை. தாளின் மூலையில் இரண்டு தரம் கிறுக்கினேன். ஏசிச் சத்தம் மட்டும் கேட்டது. நாலு வினாடி இருக்குமோ என்னவோ. நான் நிமிர முதல், "எண்பத்தஞ்சு எண்டாலும் பரவாயில்லை மிஸ்" என்றீர். அப்பத்தான் மை வந்தது. எண்பத்தைந்து என்று எழுதினேன்.

எங்களிடம் இருந்த மேல் எல்லை எவ்வளவு என்று இங்கே எழுத முடியாது. நூறுக்குக் கீழே இல்லை என்பதோடு விடுகிறேன்.

மன்னியும். ஆனால் ஒன்று, வந்தவர் தானாகக் குறைத்ததை நான் கூட்டி எழுதினால் மேலிடம் என்னைத்தான் கேட்கும். அந்தப் படிவத்தில் இருப்பதும் ஒரே ஒரு கட்டம். முதலில் சொன்னதுக்கு ஒன்று, பயந்து சொன்னதுக்கு ஒன்று என்று இரண்டு இல்லை. சாட்டுச் சொல்லவில்லை என்று எழுதப்போனேன், வாசித்துப் பார்த்தால் சாட்டுத்தான்.

கணக்கை நீர் போட்டிருப்பீர். நூறுக்கும் எண்பத்தைந்துக்கும் இடையில் மாதம் 15,000 ரூபாய், 36 மாதத்துக்கு 540,000. ஊழியர் சேமலாப நிதிக்கு (EPF) நிறுவனம் போடும் 12 வீதத்தையும் ஊழியர் நம்பிக்கை நிதியின் (ETF) 3 வீதத்தையும் சேர்த்தீரோ தெரியாது. அது மாதம் 2,250, மொத்தம் 81,000. இன்கிரிமென்ட்டும் (வருடச் சம்பள உயர்வும்) வீதக்கணக்கு என்பதால், குறைந்த இலக்கத்தில் தொடங்கினால் ஒவ்வொரு வருடமும் இடைவெளி கூடும்.

அடுத்த இன்டர்வியூ எங்கே, எப்போது என்று எனக்குத் தெரியாது என்றே வைத்துக்கொள்வோம்.

"கையில எவ்வளவு வேணும்?" என்று கேட்பினம். வெள்ளவத்தை அறை வாடகை, பஸ் காசு, வீட்டுக்கு அனுப்புவது எல்லாவற்றையும் கூட்டிவைத்து "ஒரு லட்சத்துப் பத்து" என்பீர். சொல்லாதேயும். கையில் வரும் காசைச் சொன்னால் அதை எப்படிப் பிரிப்பது என்ற உரிமையை அவையிடம் கொடுத்துவிடுகிறீர். மொத்தம் 120,000 என்று வைப்போம். முழுவதும் பேசிக் (அடிப்படைச் சம்பளம்) என்றால் சேமலாப நிதிக்கு உம்மட 8 வீதம் 9,600 போய்க் கையில் 110,400. பேசிக் 70,000, மிச்சம் 50,000 பயணப்படி, தொலைபேசிப்படி என்று பிரித்து, பேசிக்கிற்கு மட்டும் நிதி கட்டினால் 5,600தான் வெட்டுப்படும், கையில் 114,400. நாலாயிரம் கூட வருகுது என்று சந்தோசமாகக் கையெழுத்து வைப்பீர். முதல் வகையில் இரண்டு நிதிக்கும் மாதம் 27,600 சேரும், இரண்டாவதில் 16,100. அந்த 11,500 வித்தியாசத்தில் 7,500 நிறுவனத்தின் காசு, வருடத்துக்கு 90,000. ஓவர்டைமும் பெரும்பாலும் பேசிக்கில்தான். வேலையை விடும்போது தரும் பணிக்கொடை, இலங்கையின் 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி ஐந்து வருடம் முடிந்தால், வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். ஐந்து வருடத்துக்கு, 120,000 என்றால் 300,000, படிகளைச் சேர்க்காவிட்டால் 175,000. (மூன்று வருடத்தோடு போகிறபடியால் எங்களிடம் உமக்கு அது இல்லை. சொல்லவே வாய் கூசுகிறது.)

ஆகவே பேசிக்கைச் சொல்லும். கையில் வேண்டிய தொகையை 0.92ஆல் வகுத்தால் பேசிக் வரும்: 110,000க்கு 119,565. மாதம் 150,000 தாண்டினால் வருமான வரியும் உண்டு. 2025 ஏப்ரல் தொடக்கம் அந்த எல்லைக்கு மேலுள்ள முதல் 83,333க்கு 6 வீதம், அடுத்தது 18 என்று ஏறும். படிக் காசும் அதில் சேரும்.

"நூறுக்கும் நூற்றிருபதுக்கும் இடையில" என்றால் எங்கட காதில் விழுவது நூறு மட்டும்தான். இடைவெளியாகச் சொன்னால் உமக்கு வேண்டிய இலக்கத்தைக் கீழ் எல்லையாக வையும். முடிந்தால் முதலில் நீர் கேளும்: "இந்தப் பதவிக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறியள்?" பாதிப்பேர் சொல்லிவிடுவினம். இப்போதைய சம்பளத்தைக் கூட்டிச் சொல்லாதேயும், சேரும்போது கடைசி மூன்று மாதப் பே ஸ்லிப் கேட்பினம். "தகுதிகாண் காலம் முடியக் கூட்டித்தாறம்" என்றால், அந்த வரி நியமனக் கடிதத்தில் இருக்கோ என்று பாரும். கடிதத்தில் இல்லாததை ஆறு மாதத்துக்குப் பிறகு ஒருவரும் ஞாபகம் வைத்திருப்பதில்லை, நான் உட்பட.

இலக்கத்தைச் சொன்ன பிறகு வாயை மூடும். முன்னால் இருப்பவர் முகம் சுளிக்கலாம், கல்குலேட்டர் தேடலாம், பேனையை உதறலாம். அதெல்லாம் பதில் இல்லை.

ஆனால் மூன்று வருடம், தங்கச்சி. கன்டீனில் எல்லோரிடமும் கதைத்தீராம். எனக்கு மட்டும் சிரித்துக்கொண்டு குட்மோர்னிங். யாழ்ப்பாணம் போய்வந்தால் பனங்கிழங்கு வேறு. ஒரு மார்ச் மாதமாவது கதவைத் தட்டி, சரிப்படுத்தித் தாங்கோ என்று கேட்டிருக்கலாமே? மதிப்பீட்டுப் படிவத்தில் ஊழியர் கருத்து என்று ஒரு பெட்டி இருக்கு. மூன்று வருடமும் "திருப்தி" என்று உம்மட கையெழுத்தில் இருக்கு. அதை வைத்துக்கொண்டு நான் யாரிடம் போய் வாதாட?

நானும் கேட்கவில்லை. சரி.

உம்மட கடிதத்தில் கடைசி நாள் 28 என்று போட்டிருக்கிறீர். ஒரு மாத நோட்டீஸ் 30ஆம் திகதிதான் முடியுது. அப்படியே போனால் இரண்டு நாள் சம்பளம் வெட்டுப்படும். திங்கட்கிழமை வந்து திகதியை மாற்றித்தாரும். மேலே அனுப்பாமல் வைத்திருக்கிறேன்.