கரைத்தூண்டில் சங்க ஆண்டறிக்கை: காற்றைப் பார்த்துக் கடலைத் தேர்ந்தெடுப்போம்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களுக்கும், பொருளாளருக்கும், மூத்த உறுப்பினர்களுக்கும், இந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிமார்களுக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். கரையில் நிற்கும்போது கைகொடுக்கும் விஷயங்களையே இந்த அறிக்கையில் எழுதவேண்டும் என்பது செயற்குழுவின் முடிவு. ஆகவே நம் குறிப்பேட்டில் சேர்ந்தவற்றிலிருந்து, எல்லோருக்கும் பயன்படுபவற்றை மட்டும் எடுத்து வைக்கிறேன்.

மதுரையிலிருந்து கடலுக்கு இரண்டு மூன்று மணி நேரப் பயணம். விடிகாலைக் கடிக்குக் கரையில் நிற்கவேண்டுமென்றால் நடுச்சாமத்திலேயே வண்டியை எடுக்கவேண்டும். அத்தனை தூரம் போய், கலங்கிக் குழம்பிய தண்ணீரைப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்புகிறவர்கள் பெரும்பாலும் கிளம்பும் முன் காற்றைப் பார்க்காதவர்கள். நம் மாவட்டத்துக்குக் கடற்கரை இல்லை; ஆனால் பல கடற்கரை ஊர்களுக்கு வாய்க்காத ஒரு வசதி நமக்கு உண்டு. கிழக்கே போனால் தொண்டி, தேவிபட்டினம், அரியமான் என்று வடகடலான பாக் விரிகுடா. தென்கிழக்கே போனால் சேதுக்கரை, கீழக்கரை, மூக்கையூர், வேம்பார் என்று தென்கடலான மன்னார் வளைகுடா. ஒன்று பொங்கும்போது மற்றது பெரும்பாலும் அடங்கியிருக்கும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று பலமாக அடிக்கும். அப்போது தென்கடல் கரையில் அலை உயர்ந்து, மணல் கிளம்பி, தூண்டிலில் கட்டிய ஈயக் குண்டு நிற்காது. அதே காற்று தொண்டிப் பக்கம் நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். தண்ணீர் தட்டையாகக் கிடக்கும். முதுகில் காற்று இருப்பதால் எறிந்த ஈயமும் தூரம் போகும். அக்டோபரிலிருந்து ஜனவரி வரை வாடைக்காற்று. இப்போது கணக்கு தலைகீழ்: வடகடல் கரை கலங்கித் தாழை என்கிற கடற்புல்லும் பாசியும் கரையில் குவியும், தென்கடல் தெளிந்திருக்கும். பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் நடு வரை இரண்டு பக்கமும் போகலாம். இது பொதுக் கணக்குதான். கிளம்புவதற்கு முந்தின இரவு காற்றின் திசையையும் வேகத்தையும் பார்ப்பதே கடைசித் தீர்ப்பு. கரையை நோக்கி மணிக்கு 25 கி.மீ.க்கு மேல் வீசினால் அந்தக் கரையை விட்டுவிடுங்கள்.

கடல் நீரின் ஏற்றவற்றத்தை, அதாவது ஓதத்தை, நம்மில் பலர் சென்னைக் கணக்கை வைத்துப் பார்க்கிறோம். பாக் விரிகுடாவில் அமாவாசை, பௌர்ணமி ஓதத்தில்கூட ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டரை எட்டாது. ஆனால் கரையோரம் அவ்வளவு ஆழம் குறைந்தது என்பதால், முக்கால் முழம் தண்ணீர் ஏறினாலே மீன் மேய வரும் பரப்பு வெகுவாக விரியும். பாம்பனுக்கு உரிய ஓத அட்டவணையைப் பாருங்கள். ஏற்றத்தின் கடைசி இரண்டு மணி நேரமும், வற்றத் தொடங்கிய முதல் ஒரு மணி நேரமும் விடியலோடோ அந்தியோடோ சேர்ந்து வரும் நாள்தான் நம் பயண நாள். விடுமுறை நாளைப் பார்த்து முடிவு செய்வதைவிட இதைப் பார்த்து முடிவு செய்தால் கூடை நிறையும்.

கரைக்குப் போனதும் கம்பை நீட்டாதீர்கள். பத்து நிமிடம் கடலைப் பாருங்கள். அலை வெள்ளையாக உடையும் இடம் மணல் திட்டு. இரண்டு திட்டுகளுக்கு நடுவே அலை உடையாமல், நிறம் கறுத்துக் கிடக்கும் வாய்க்கால்தான் மீன் நடமாடும் பாதை. அது பல சமயம் கரையிலிருந்து இருபது முப்பது மீட்டருக்குள்ளேயே இருக்கும். நூறு மீட்டர் எறியத் தெரிந்த இளைஞர்கள் அந்த வாய்க்காலைத் தாண்டி, மீன் இல்லாத திட்டின்மேல் இரையைப் போட்டுக்கொண்டிருப்பதை இந்த ஆண்டும் பார்த்தோம். முதல் எறி குட்டையாக, அடுத்தது கொஞ்சம் தள்ளி, அதற்கடுத்தது இன்னும் தள்ளி என்று விசிறிபோல் தேடுங்கள். கடி வந்த தூரத்தில் தூண்டில் நரம்பின்மேல் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிட்டால் அடுத்தடுத்து அதே இடத்தில் போடலாம்.

புதியவர்களுக்குச் சாமான் விஷயம். தென்கடல் அலைக்கு 12 அடிக் கம்பு, 80 முதல் 120 கிராம் ஈயம் எறியக்கூடியது, 5000 அல்லது 6000 அளவு ரீல். வடகடலுக்கு இது தேவையே இல்லை. 9 அடிக் கம்பும், 3000 அல்லது 4000 ரீலும், 30 முதல் 50 கிராம் ஈயமும் போதும். ரீலில் 20 பவுண்டு தாங்கும் பின்னல் நரம்பான பிரெய்டோ, 0.35 மி.மீ. ஒற்றை இழை மோனோ நரம்போ சுற்றலாம். கனத்த ஈயம் எறிகிறவர்கள் முன்னால் கட்டாயம் லீடர் என்னும் தடித்த நரம்பைக் கட்டவேண்டும். 28 கிராம் ஈயத்துக்கு 10 பவுண்டு என்பது கணக்கு; 112 கிராம் எறிந்தால் 40 பவுண்டு. கம்பின் நீளத்தைப் போல் இரண்டு மடங்கும், ரீலில் ஐந்து சுற்றும் வரும் அளவுக்கு அது நீளவேண்டும். லீடர் இல்லாமல் முழுப் பலத்தோடு எறிந்து நரம்பு அறுந்தால் அந்த ஈயம் துப்பாக்கிக் குண்டுதான். பக்கத்தில் ஆள் நிற்கும் கரையில் லீடர் இல்லாமல் எறிபவரைத் தடுத்து நிறுத்தும் உரிமை எந்த உறுப்பினருக்கும் உண்டு என்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது.

பிரெய்டு சிக்கல் பற்றித்தான் ஆண்டு முழுவதும் அதிகம் கேட்டார்கள். காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று. நரம்பு சுற்றியிருக்கும் உருளையான ஸ்பூலை விளிம்பு வரை நிறைத்திருப்பார்கள், இரண்டு மி.மீ. குறைத்து நிறுத்தவேண்டும். ரீல் கைப்பிடியைச் சுற்றி, நரம்பைப் பிடிக்கும் கம்பி வளையமான பெயிலை மூடுவார்கள். கையால் மூடி, தொய்வை இழுத்துவிட்டுப் பிறகு சுற்றவேண்டும். ஈயம் தரையைத் தொடும் முன்பே காற்றில் தொங்கும் நரம்பைத் தளர்வாகச் சுற்றுவார்கள். ஈரத்துணியால் பிடித்து இறுக்கிச் சுற்றினால் அடுத்த எறியில் முடிச்சு விழாது.

நரம்பு அறுந்தால் சபித்துவிட்டுப் புதிதாகக் கட்டாதீர்கள். அறுந்த நுனியைக் கையில் எடுத்துப் பாருங்கள், நடந்ததை அது சொல்லும். நுனி பன்றிவால்போல் சுருண்டிருந்தால் முடிச்சு நழுவியிருக்கிறது, ஈரப்படுத்தாமல் இறுக்கியிருப்பீர்கள். சொரசொரவென்று பல இடத்தில் உரசியிருந்தால் கீழே பார் என்னும் பாறைத்திட்டு இருக்கிறது. ஈயத்தை மட்டும் மெல்லிய நரம்பில் தொங்கவிட்டால், மாட்டும்போது ஈயம் போகும், மீன் வரும். கத்தியால் நறுக்கியதுபோல் சுத்தமாக இருந்தால் பேத்தை மீனோ ஊளி மீனோ கடித்திருக்கிறது. ஊளி என்றால் தூண்டில் முள்ளுக்கு முன்னால் ஒரு சாண் கம்பி போடுங்கள். பேத்தை என்றால் இடத்தை மாற்றுவதைத் தவிர வழியில்லை.

இரையைப் பொறுத்தவரை, மதுரை மார்க்கெட்டில் ஐஸில் ஊறிய இறால் முள்ளில் நிற்பதில்லை, எறியும்போதே பறந்துவிடும். கிலோவுக்குக் கால் கிலோ கல்லுப்பு போட்டுப் பிசறி, ஓர் இரவு சல்லடையில் நீர் வடியவிட்டால் சதை இறுகிவிடும். தைக்கும் நூலை நாலு சுற்று சுற்றிக் கட்டுங்கள். கணவாயை விரல் அகலக் கீற்றாக நறுக்கினால் நண்டு எளிதில் பிடுங்க முடியாது. வடகடலில் தாழை அடர்ந்த தரையில் இரை உள்ளே புதைந்துவிடும் என்பதால், முள்ளுக்கு ஒரு சாண் முன்னால் சின்னத் தக்கை ஒன்றைக் கோத்து இரையைத் தாழைக்கு மேலே மிதக்கவிடுங்கள். நண்டுத் தொல்லையும் இதனால் பாதி குறையும்.

மீன்களில் நம் சங்கத்துக்கு முதல் பாடம் கிழங்கான். இடுப்பளவுத் தண்ணீரிலேயே மேயும். நீண்ட தண்டுள்ள 6 அல்லது 8ஆம் எண் முள் இரண்டு, சுண்டுவிரல் நகம் அளவு உரித்த இறால், 40 கிராம் ஈயம். ஈயத்தை மெதுவாக இழுத்து நிறுத்தி, இழுத்து நிறுத்தி வாருங்கள். மணல் கிளம்புவதைப் பார்த்து வரும். வாய் மெல்லியது, ஆகவே கடி தெரிந்ததும் வெடுக்கென்று இழுத்தால் கிழிந்துபோகும். நரம்பை இறுக்கமாக வைத்திருந்தால் போதும், தானே மாட்டும்.

கொடுவா மீனுக்கு முகத்துவாரம். நம் வைகை கடலைத் தொடும் ஆற்றங்கரைப் பக்கம் மழைக்காலத்தில் வெள்ளம் வந்து மணல்வாய் திறக்கும்போதும், காரங்காட்டு அலையாத்திப் பக்கமும் நம்பிப் போகலாம். உயிர் மடவை அல்லது உயிர் இறால், 4/0 வட்ட முள், 40 பவுண்டு லீடர். செவுள் மூடியின் ஓரம் பிளேடுபோல் கூர்மையாக இருப்பதால் அதற்குக் குறைந்த லீடர் நிற்காது. விரலையும் அங்கே விடாதீர்கள். வட்ட முள்ளுக்கு இழுத்துக் குத்தவே கூடாது. மீன் திரும்பி ஓடும்போது கம்பு வளையும், அப்போது சுற்றினால் வாயோரம் பதியும்.

பாறை மீனுக்கு தனுஷ்கோடி விடியலில் ஜிக் என்னும் 40 முதல் 60 கிராம் உலோகச் செயற்கை இரையை வேகமாக இழுக்கவேண்டும். ஆனால் அரிச்சல்முனையில் இரண்டு கடலும் சேரும் நீவாடு என்னும் நீரோட்டம் மிகப் பலமானது. முழங்காலுக்கு மேல் இறங்காதீர்கள். மாலையில் வெளியேறச் சொல்லும் நேரத்தைச் சோதனைச் சாவடியில் கேட்டுக்கொள்ளுங்கள். பாம்பன் பாலத்தின் மேலிருந்து தூண்டில் போடுவதில்லை என்பது நம் சங்கத்தின் பழைய விதி, அது தொடர்கிறது.

பாதுகாப்பு பற்றி இரண்டு ஆபத்துகளைத் தனியே சொல்லவேண்டும். காற்றே இல்லாத நாளில் தூரத்துத் தென்பெருங்கடலில் கிளம்பிய அலை திடீரென்று கரையேறும் கள்ளக்கடல், தென்கடல் பக்கம் குறிப்பாக ஏப்ரல், மே மாதங்களில் வரும். கடல்சார் தகவல் தரும் இன்காய்ஸ் (INCOIS) என்ற மத்திய அரசு நிறுவனம் இதற்கு முன்னெச்சரிக்கை தருகிறது. எச்சரிக்கை உள்ள நாளில் சங்கப் பயணம் ரத்து. அடுத்தது மின்னல். கார்பன் கம்பு மின்சாரத்தைக் கடத்தும். இடி கேட்டதும் கம்பைக் கீழே போட்டு வண்டிக்குள் போங்கள்.

தண்ணீரில் இறங்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் தரையோடு தேய்த்து நடந்தால் திருக்கை விலகிப் போகும். திருக்கை, கெளிறு, ஓரா ஆகிய மூன்று மீன்களின் முள்ளும் விஷம் கொண்டவை. குத்தினால் பொறுக்கும் அளவு சூடான நீரில், ஏறத்தாழ 45 டிகிரி, அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் முக்கி வைக்கவேண்டும். விஷம் சூட்டில் முறியும். சூட்டை மற்றவர் கையால் சோதித்துப் பாருங்கள், குத்துப்பட்டவருக்கு வலியில் சூடு தெரியாது. அதன்பின் மருத்துவமனை. பிளாஸ்கில் வெந்நீர் டீக்கு மட்டும் அல்ல என்பதை நினைவில் வையுங்கள். பேத்தையை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் சாப்பிடக் கூடாது. சமைத்தாலும் அதன் விஷம் போகாது. கடலோரக் காவல் குழுமத்துக்கு 1093, இந்தியக் கடலோரக் காவல் படைக்கு 1554.

சட்டம் பற்றி அடிக்கடி வரும் கேள்வி மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடை விசைப்படகுகளுக்கு உரியது, கரைத்தூண்டிலுக்கு அல்ல. அப்போது இறால் விலை ஏறும், அவ்வளவுதான். ஆனால் 1986இல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகள் வேறு கதை. வள்ளக்காரர் கூப்பிட்டாலும் அனுமதியின்றித் தீவுப் பக்கம் போகாதீர்கள். கடல் அட்டை, கடல் குதிரை, ஆமை ஆகியவற்றைக் கையில் வைத்திருப்பதே குற்றம். ஆமை மாட்டினால் நரம்பைப் பிடித்துத் தூக்காமல், ஓட்டைத் தாங்கிப் பிடித்து, முள்ளருகே நரம்பை வெட்டிவிட்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

சட்டத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது கரைக்காரர்களோடு நம் உறவு. நமக்கு இது விடுமுறை, அவர்களுக்குச் சோறு. கரைவலை இழுக்கும்போது, வலை முழுதும் ஏறும்வரை எறியக் கூடாது. மண்டபம் பக்கம் பாசி வளர்க்கும் மூங்கில் மிதவைகளுக்கு அருகே ஈயம் விழக் கூடாது. மாட்டினால் இழுத்து அறுக்காமல் உரியவரிடம் சொல்லவேண்டும். பாசி எடுக்கும் அக்காமார் நிற்கும் தண்ணீரில் அறுந்த முள் கிடந்தால் அவர்கள் காலில்தான் ஏறும். ஒரு முழம் நரம்புகூட மணலில் விடாமல் பாட்டிலில் அடைத்து மதுரைக்கே கொண்டுவாருங்கள்.

பிடித்த மீனை மதுரை வரை கெடாமல் கொண்டுவருவது தனி வேலை. பிடித்தவுடன் செவுளை வெட்டி ரத்தம் வடியவிட்டு, மீன் ஒரு கிலோவுக்கு ஐஸ் ஒரு கிலோ என்று நொறுக்கிய ஐஸில் புதையுங்கள். உருகிய நீர் வடிய வழி வேண்டும். அந்த நீரில் ஊறும் மீன்தான் சதை கொழகொழத்துப்போகும். சூரை, கானாங்கெளுத்தி வகை கிடைத்தால் வெயிலில் ஒரு மணி நேரம்கூடக் கிடக்கவிடாதீர்கள். அதில் உருவாகும் நச்சு கொதிக்க வைத்தாலும் போகாது, உடம்பெல்லாம் தடித்துச் சிவக்கும். வீட்டுக்கு வந்ததும் ரீலில் நரம்பின் இழுப்பைக் கட்டுப்படுத்தும் டிராகை இறுக்கி, மெல்ல விழும் நல்ல தண்ணீரில் கழுவி, பிறகு டிராகைத் தளர்த்தி நிழலில் காயவையுங்கள். குழாயைப் பீய்ச்சி அடித்தால் உப்பும் மணலும் உள்ளே போய்விடும்.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு மூன்று முன்மொழிவுகளை வைக்கிறது. பயண நாளை ஓத அட்டவணையும் காற்றும் பார்த்து மூன்று நாள் முன்பே முடிவு செய்வது. ஒவ்வொரு பயணத்திலும் முதலுதவிப் பெட்டியும் வெந்நீர் பிளாஸ்கும் ஒருவர் பொறுப்பில் இருப்பது. ஒரு சாணுக்குக் குறைந்த எந்த மீனையும், கிழங்கானைத் தவிர, ஈரக் கையால் பிடித்துத் திருப்பி விடுவது. கிழங்கானுக்கு எந்த அளவு என்பதில் செயற்குழுவிலேயே இரு கருத்து இருந்ததால், அதைப் பொதுக்குழுவின் விவாதத்துக்கு விட்டிருக்கிறோம்.

அறிக்கையைப் பொதுக்குழு ஏற்று, முன்மொழிவுகளை விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்