வெர்பல் எல்லாம் வாய்மொழி அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

'வெர்பல்' என்ற ஆங்கிலச் சொல் வரும் இடத்திலெல்லாம் 'வாய்மொழி' என்று எழுதிவிடுவது செய்திகளில் வழக்கமாகிவிட்டது. பல இடங்களில் அது பொருந்தாது.

லத்தீனில் 'வெர்பம்' என்றால் சொல், வாய் அல்ல. பேசினாலும் எழுதினாலும், சொற்களால் ஆனது வெர்பல். போட்டித் தேர்வின் 'வெர்பல் ரீசனிங்' பகுதியில் யாரும் வாய் திறப்பதில்லை. பத்தியைப் படித்து விடையைக் குறிக்கிறார்கள். வாய்க்கு உரியது 'ஓரல்'. விழுங்கும் மருந்துக்கும், கேள்வி கேட்டுப் பதில் வாங்கும் தேர்வுக்கும் அந்தச் சொல் வருவது அதனால்தான்.

'வெர்பல் அக்ரிமென்ட்' மட்டும் தனி. பேசி முடித்த ஒப்பந்தத்தை அப்படிச் சொல்வது ஆங்கிலத்தில் பழைய வழக்கு, அகராதிகளும் ஏற்கின்றன. ஆனால் எழுதிக் கையெழுத்திட்ட ஒப்பந்தமும் சொற்களால் ஆனதுதானே! ஆவணம் எழுதுவோர் 'ஓரல்' என்று போட்டால் சந்தேகத்துக்கே இடமிராது.

மிகவும் வருத்தம் தருவது, 'நான்-வெர்பல்' என்பதை 'மொழியறியாத குழந்தை' என்று பெயர்ப்பது. ஆட்டிசம் உள்ள, பேசாத குழந்தைகளில் பலர் பிறர் சொல்வதைப் புரிந்துகொள்கிறார்கள். படஅட்டையைக் காட்டியோ டேப்லெட்டில் தட்டியோ தண்ணீர் கேட்கும் குழந்தையிடம் மொழி இருக்கிறது, பேச்சுதான் இல்லை. 'பேச்சால் தொடர்புகொள்ளாத' என்று எழுதுங்கள். தலைப்பில் இடம் போதாதென்றால் 'பேசாத' என்பதே போதும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்