முதல் குரூப் என்னும் முன்னெச்சரிக்கை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பத்தாம் வகுப்பு முடிவுகள் வந்ததும், பிடித்ததைப் படிப்பதா, பிழைப்புக்கு உதவுவதைப் படிப்பதா என்ற வாக்குவாதம் வீடுதோறும் தொடங்கிவிடுகிறது. பெற்றோர்தான் பிள்ளைகளின் ஆர்வத்தை நசுக்குகிறார்கள் என்று பொதுவாகச் சொல்லப்படுவதை, மேல்நிலை வகுப்புகளில் பாடம் நடத்தியவன் என்ற முறையில் என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை.

கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் கொண்ட முதல் குரூப்பில் படித்த மாணவி, பிறகு மனம் மாறினால் பி.ஏ. தமிழுக்கோ வரலாற்றுக்கோ ஐந்தாண்டுச் சட்டப் படிப்புக்கோ விண்ணப்பிக்கலாம். வரலாறும் பொருளியலும் படித்தவளோ பி.எஸ்சி. இயற்பியலுக்கு விண்ணப்பிக்கவே முடியாது. தன் விருப்பம் இன்னதென்று 15 வயதில் உறுதியாகச் சொல்லக்கூடிய பிள்ளைகள் சிலரே என்னும்போது, “எதற்கும் முதல் குரூப்பிலேயே சேர்ந்துவிடு” என்று தந்தை சொல்வதில் பேராசையைவிட முன்னெச்சரிக்கையே மிகுதி. ஆனால் அதற்கான விலையைப் பிள்ளைதான் கொடுக்கிறது. ஆர்வமில்லாத கணக்கோடு இரண்டாண்டுகள் மல்லுக்கட்டி அது வாங்கும் குறைந்த மதிப்பெண், கடைசியில் நல்ல அரசுக் கல்லூரியில் பி.ஏ. பொருளியல் இடத்தையும் கிடைக்காமல் செய்துவிடுகிறது.

மனம்போல் படிக்கச் சொல்வோர் எங்கள் ஊர் இராமானுஜனைத் தவறாமல் துணைக்கு அழைப்பார்கள். கணிதம் தவிர்த்த பாடங்களைக் கைவிட்டதால் கும்பகோணம் கல்லூரியில் அவர் உதவித்தொகையை இழந்த கதையைச் சொல்பவர்கள், 1912இல் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்துக்குச் சென்னைத் துறைமுகத்தில் அவர் எழுத்தராகச் சேர்ந்ததை ஏனோ விரைந்து கடந்துவிடுகிறார்கள். அவருடைய கணிதத்தை மதித்து ஆதரித்தவர்களில் அதே அலுவலகத்தின் நாராயண ஐயரும் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் உண்டு. மறு ஆண்டே சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை அளித்தது. பிழைப்புக்காகப் பார்த்த வேலை அவருடைய கணிதத்துக்குப் பகையாக இருக்கவில்லை.

ஆகவே பெற்றோருக்கு அறிவுரை கூறுவதைவிட, விதிகளைத் தளர்த்துவதே பயன்தரும். எந்தக் குரூப் எந்தப் பட்டப்படிப்புகளுக்கு வழிவிடும், எவற்றுக்கு விடாது என்பதைச் சேர்க்கைக்கு முன்பே ஒவ்வொரு பள்ளியும் எளிய தமிழில் அச்சிட்டுத் தர வேண்டும். கலைப் பிரிவில் படிப்பவர் கணிதத்தைக் கூடுதல் பாடமாக எழுதித் தேறவும், அத்தேர்ச்சியைக் கல்லூரிகள் ஏற்கவும் அரசு வகை செய்ய வேண்டும். தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் குரூப் என்ற கட்டுப்பாடின்றி மாணவர்கள் பாடங்களைத் தேர்ந்தெடுக்கும்போது, நம் மாநிலப் பாடத்திட்டத்திலும் அதற்கு இடமளிப்பது இயலாத காரியமல்ல.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்,
கும்பகோணம்.