உடைக்கப்படும் பழைய வாகனங்களின் உதிரிபாகங்களைப் பதிவு செய்து காக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பதினைந்து ஆண்டுகளைக் கடந்த வாகனங்களை உடைத்துக் கழிப்பது குறித்துத் தங்கள் நாளிதழில் வரும் செய்திகளைத் தொடர்ந்து படித்து வருகிறேன். புகை கக்கும் லாரிகளும் பிரேக் பிடிக்காத வேன்களும் சாலையை விட்டு விலக வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அவற்றோடு சேர்ந்து, இனி எந்தத் தொழிற்சாலையிலும் செய்யப்படாத உதிரிபாகங்களும் உலைக்குப் போகின்றன. அந்தப் பாகங்களைப் பார்த்தவுடன் இது எந்த வண்டிக்குரியது, வேறு எதற்குப் பொருந்தும் என்று சொல்லத் தெரிந்த மூத்த மெக்கானிக்குகளும் ஒவ்வொருவராக மறைந்து வருகிறார்கள். இது பற்றி யாரும் கவலைப்படுவதாகத் தெரியாததால் எழுதுகிறேன்.

நான் பொன்மலை ரயில்வே பணிமனையில் கடைசல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நீலகிரி மலை ரயிலுக்குப் புதிய நீராவி எஞ்சின்களையே செய்து கொடுத்த பணிமனை அது. ஓய்வுக்குப் பிறகு, என் தந்தையார் 1970-இல் வாங்கிய நான்கு கதவு ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரை மீண்டும் ஓடவைக்க ஆறு ஆண்டுகளைச் செலவிட்டேன். சென்னையை அடுத்த பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்டு நிறுவனம் பிரிட்டிஷ் வடிவமைப்பைக் கொண்டு தயாரித்த கார் அது. 948 சிசி எஞ்சின், சேசிஸ் எனப்படும் தனி இரும்புச் சட்டத்தின் மேல் போல்ட் போட்டு இறுக்கிய உடற்பகுதி, முன்பக்கம் முழுவதும் ஒரே மூடியாக எழும் பானெட் என்று, வீட்டு முற்றத்தில் வைத்தே கழற்றி மாட்டத் தோதான அமைப்பு அதற்கு உண்டு. ஆயினும் தொடக்கத்திலேயே பெரிய அடி வாங்கினேன்.

ஹெரால்டின் முன் சக்கரத்தைத் தாங்கும் எஃகுத் தண்டின் அடிமுனையில் மரை வெட்டி, அதைப் பித்தளையாலான ட்ரன்னியன் என்ற பாகத்துக்குள் திருகியிருப்பார்கள். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரையின் மீதுதான் சக்கரம் சுழல்கிறது. அதற்குக் கியர்பாக்ஸுக்கு ஊற்றுவது போன்ற ஈ.பி. 90 ஆயிலைத்தான் ஏற்ற வேண்டும். கிரீஸ் அடித்தால் அது அடிவரை இறங்காமல் இறுகிவிடும். நீர் புகுந்து எஃகு மரை துருப்பிடிக்கும். ஒருநாள் தண்டு முறிந்து சக்கரம் மடங்கிவிடும். நான் முதலில் வண்டியை விட்ட பட்டறையில், மற்றக் கார்களுக்குச் செய்வதைப் போலவே அங்கும் கிரீஸ் அடித்துவிட்டார்கள். நன்றாகச் செய்ய வேண்டும் என்றுதான் செய்தார்கள்; சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கவில்லை. லால்குடி சாலையில், நல்லவேளையாக மெதுவாகப் போய்க்கொண்டிருந்தபோது, இடது சக்கரம் மடங்கிக் கார் வரப்போரம் சாய்ந்தது. என் மனைவியும் பேரனும் உள்ளே இருந்தார்கள். யாருக்கும் காயமில்லை என்றாலும் அந்தச் சத்தத்தை என்னால் மறக்க முடியவில்லை. பழைய வண்டியைப் புதுப்பிப்பவருக்கு உரிய ஆலோசனை கிடைக்காமல் போவது உயிரோடு தொடர்புடைய விஷயம் என்பதை அன்று உணர்ந்தேன்.

முறிந்த தண்டுக்கும் ட்ரன்னியனுக்கும் மாற்று வேண்டி, சென்னையில் பழைய உதிரிபாகக் கடைகள் நிறைந்த புதுப்பேட்டையில் மூன்று நாள்கள் அலைந்தேன். கிடைத்தது ஒரு வலப்பக்கத் தண்டு மட்டுமே; இடது, வலது இரண்டுக்கும் மரை எதிரெதிராகச் சுற்றும் என்பதால் அது எனக்குப் பயன்படவில்லை. ஒரு வயதான கடைக்காரர்தான், இதே அமைப்பு ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற பிரிட்டிஷ் காரிலும் உண்டு, அது 1980 வரை வெளிவந்தது, ஆகவே பிரிட்டனில் இந்தப் பாகத்தை இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள் என்று விளக்கினார். அந்த ஒரு தகவல் எனக்குப் பல மாத அலைச்சலை மிச்சப்படுத்தியது. அதே சமயம், பிரிட்டனில் ஹெரால்டு இரண்டு கதவுடன் மட்டுமே வந்தது. நான்கு கதவு வண்டி நம் நாட்டுக்கே உரியது. அதன் பின்கதவு, அதற்கான கண்ணாடி, பூட்டு, ரப்பர் பீடிங் ஆகியவற்றை உலகின் வேறெந்த மூலையிலும் தேடிப் பெற முடியாது. அவை நம் ஊர்க் காயலான் கடைகளில் மட்டுமே எஞ்சியிருக்கின்றன; அங்கும் எடைக்கு எடை இரும்பாகவே மதிக்கப்படுகின்றன.

கடைசல்காரன் என்ற முறையில் மரைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அந்தக் காலத்து பிரிட்டிஷ் வடிவமைப்பு வண்டிகளில் பெரும்பாலும் அங்குல அளவு போல்ட்டுகளே இருக்கும். 5/16 அங்குல நுண்மரை போல்ட்டின் விட்டம் 7.94 மில்லிமீட்டர், அங்குலத்துக்கு 24 மரை, அதாவது மரை இடைவெளி சுமார் 1.06 மில்லிமீட்டர். கடையில் எளிதில் கிடைக்கும் 8 மில்லிமீட்டர் போல்ட்டின் மரை இடைவெளி 1.25 மில்லிமீட்டர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரிவதால், இரண்டு சுற்று ஏறியதும் ஸ்பானரால் அழுத்தித் திருகிவிடுகிறார்கள். மாற்றே கிடைக்காத வார்ப்புப் பாகத்தின் மரை அத்தோடு நாசமாகிறது. மரை அளக்கும் கேஜ் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டால் இந்த இழப்பைத் தவிர்க்கலாம். பேரிங், ஆயில் சீல் போன்றவற்றுக்கு வண்டியின் பெயரைச் சொல்லித் தேடவே வேண்டாம். பேரிங்கில் பொறித்துள்ள எண்ணையும், சீலின் உள்விட்டம், வெளிவிட்டம், தடிப்பு ஆகிய மூன்று அளவுகளையும் சொன்னால் எந்தப் பேரிங் கடையிலும் பெரும்பாலும் கிடைத்துவிடும். தளர்ந்துபோன என் ஸ்பிரிங் பட்டைகளுக்கு நாமக்கல்லில் ஒரு லாரிப் பட்டறையில்தான் மீண்டும் வளைவு ஏற்றினேன். இத்தகைய வேலை தெரிந்தவர்கள் நம் மாநிலம் முழுவதும் இருக்கிறார்கள். யார் எங்கே என்பதுதான் தேவைப்படுவோருக்குத் தெரிவதில்லை.

பழைய கடைகளில் பிரிக்கப்படாமல் கிடக்கும் பெட்டிச் சரக்கைக் கண்டால் பலர் மகிழ்ந்து வாங்குகிறார்கள். கியரும் தண்டும் என்றால் நானும் வாங்குவேன். ஆனால் நாற்பது ஆண்டுகள் பெட்டிக்குள் இருந்த பிரேக் கப்பை, அதாவது பிரேக் ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் மூடியை, வாங்கவே கூடாது. பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் ரப்பர் இறுகி வெடிப்பு விடும். இருபது விழுக்காடு எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களையும் வண்டியின் பெட்ரோல் பம்ப்பில் உள்ள டயாஃபிரம் என்ற மெல்லிய சவ்வையும் அரிப்பதோடு, நீரை ஈர்த்துக்கொள்வதால் நெடுநாள் நிறுத்திவைத்த வண்டியின் டாங்கையும் துருப்பிடிக்க வைக்கிறது. எனவே எத்தனாலைத் தாங்கும் குழாய்களாக மாற்றிக்கொள்வது அவசியம்.

மத்திய அரசு 2021 ஜூலையில் வெளியிட்ட விதிகளின்படி, முதற்பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த இருசக்கர, நான்கு சக்கர வாகனங்களைத் தொன்மை வாகனங்களாகப் பதிவு செய்துகொள்ளலாம். ‘விஏ’ வரிசை எண்ணுடன், 20,000 ரூபாய் கட்டணத்தில், பத்து ஆண்டுகளுக்குச் செல்லும் பதிவு அது. வாகனம் தன் அசல் வடிவிலேயே பராமரிக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. இதை நான் முழு மனத்துடன் வரவேற்கிறேன். ஆனால் அசல் வடிவத்தைக் காக்கத் தேவையான பாகங்களை உடைப்பு நிலையங்களில் நசுக்கிவிட்டு, உரிமையாளரிடம் மட்டும் அசலைக் கேட்பது எந்த வகையில் பொருந்தும்?

ஆகவே, முப்பது ஆண்டுகளைக் கடந்த வாகனம் எதுவும் உடைப்புக்கு வந்தால், நசுக்குவதற்கு முன் அதன் பெயர், ஆண்டு, நல்ல நிலையில் உள்ள பாகங்கள் ஆகியவற்றைப் பட்டியலிட்டு, குறைந்தது மூன்று மாதங்களாவது பொதுமக்கள் வாங்குவதற்கு வைத்திருக்க வேண்டும் எனப் போக்குவரத்துத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன். அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களின் மோட்டார் மெக்கானிக் மாணவர்கள், தத்தம் ஊரின் மூத்த மெக்கானிக்குகளிடம் சென்று எந்தப் பாகம் எதற்குப் பொருந்தும் என்பதை எழுதி வாங்குவதை ஒரு பயிற்சியாகவே வைக்கலாம். அதிகச் செலவில்லாத காரியம் இது. இன்னும் பத்தாண்டு தாமதித்தால் கேட்பதற்கு ஆளே இருக்கமாட்டார்கள்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. வாரம் ஒருமுறை, இன்ன வண்டிக்கு இன்ன பாகம் தேவை, இன்ன வேலை இந்த ஊரில் செய்து தரப்படும் என்று வாசகர்கள் எழுதும் அரைப்பத்தி இடத்தைத் தங்கள் நாளிதழில் ஒதுக்கித் தர வேண்டுகிறேன். ஹெரால்டு காரின் பேரிங் எண்கள், சீல் அளவுகள், மரை அளவுகள், மாற்றாகப் பொருந்திய பாகங்கள் ஆகியவற்றை ஆறு ஆண்டுகளாக ஒரு நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். அந்தப் பகுதி தொடங்கப்படுமானால், முதல் வாரத்துக்கே அதைப் படியெடுத்து அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கடைசல் தொழிலாளர் ஒருவர்,
பொன்மலை, திருச்சிராப்பள்ளி.